விபூதி பட்ட கண்ணாடி

மும்பைக்குப் போகும் ரயிலில், என் மடியை விட்டு இறங்காத மரப்பெட்டியைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. எதிர் இருக்கைப் பெண்மணி அதற்குள் சுவாமி விக்கிரகம் இருப்பதாக முடிவுசெய்து, என் பக்கம் கால் நீட்டுவதைத் தவிர்த்தார். மேல்படுக்கை இளைஞர், "அல்வாவா ஸார்?" என்றார். திருநெல்வேலியில் ஏறியவனிடம் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். "கண்ணாடி" என்றேன். முகம் பார்க்கும் கண்ணாடியை இத்தனை பத்திரமாக ஒருவர் எடுத்துப்போவாரா என்ற ஐயத்துடன் அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

அது முகம் பார்க்கும் கண்ணாடி அன்று. தொலைநோக்கியின் அடியில் அமர்ந்து, வானத்து வெளிச்சத்தை வாங்கி ஒரு புள்ளியில் குவிக்கும் எட்டங்குலக் குழிக்கண்ணாடி. என் மனைவி கோமதி அதைத் தன் கையால் தேய்த்து உருவாக்கினாள். நான் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன், அவள் வேதியியல். குழிவின் அளவைக் கணக்கிட்டது நான். மணல் நிரப்பிய தண்ணீர் டிரம்மின்மேல் கண்ணாடியை வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, முதலில் சொரசொரப்பான பொடியாலும் பிறகு மேலும் மேலும் நுண்ணிய பொடிகளாலும் இரண்டாண்டுகள் தேய்த்தது அவள். தலைமயிரின் பருமனில் சிறு பின்னம் பிசகினாலும் விண்மீன் புள்ளியாகத் தெரியாமல் பூசணிப்பூவாகத் தெரியும். அவளுடைய விண்மீன்கள் புள்ளிகளாகவே இருந்தன.

அவள் மறைந்து ஓராண்டு கடந்துவிட்டது. கண்ணாடியின் மேல் உள்ள அலுமினியப் பூச்சு மங்கி, வியாழனின் பட்டைகள் கரைந்துகொண்டே வந்தன. புதுப்பூச்சுக்கு மும்பைக்குத்தான் செல்ல வேண்டும். சென்ற முறை பார்சலில் அனுப்பினோம். இம்முறை பார்சலை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மாட்டுங்காவில் கோமதியின் தங்கை மீனா இருக்கிறாள். பூக்கடை வரிசைக்குப் பின்னால், மூன்றாவது மாடி. அங்கே வந்து இறங்கும் தமிழருக்கு ஊர்விட்டு வந்த உணர்ச்சி தாமதமாகத்தான் வரும். தெருவில் மல்லிகை, வாழைப்பூ, கறிவேப்பிலை; மூக்கு நம்மூர் என்கிறது. காய்காரரிடம் மீனா மராத்தியில் சண்டை பிடிக்கும்போதுதான் காது மறுக்கிறது.

மீனா கணவனை இழந்தவள், மகன் வெளிநாட்டில். என்னைக் கண்டதும் அழுவாளோ என்று அஞ்சியிருந்தேன். அவள் அதற்குப் பதிலாகச் சமைத்திருந்தாள். மோர்க்குழம்பு, சேனை ரோஸ்ட், தக்காளி ரசம், அப்பளம்.

"எளைச்சுட்டேள், அத்திம்பேர்."

"அப்படியொண்ணும் இல்லே."

"அக்கா இருந்தா இப்படி விட்டிருப்பாளா? இன்னும் ஒரு கரண்டி ரசம் விட்டுக்கோங்கோ. பெட்டியிலே என்ன, அக்காவோட அந்தக் கண்ணாடியா?"

"ஆமாம்."

"மேலே வெள்ளி பூசினதுன்னு சொல்லியிருக்கா. நான் ஒருதரம்கூட அதிலே பாத்ததில்லே. 'வாடி, வந்து பாருடி'ன்னு போன்லே கூப்பிட்டுண்டே இருப்பா. நான் வரப்பல்லாம் மழை." அவள் எழுந்து தயிர் எடுத்துவரப் போனாள். திரும்பி வரச் சற்று நேரமாயிற்று.

மாலையில் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்தேன். எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் மார்கழி, தை மாதங்களில் மிருகசீரிடம் என்னும் வேட்டைக்கார விண்மீன் கூட்டம் முழு உருவத்துடன் எழும். இங்கே புகையும் வெளிச்சமும் கலந்த ஒரு பால்நிறத் திரைக்குப் பின்னால் வேட்டைக்காரனின் இடைக்கச்சை மட்டும், மூன்று புள்ளிகளாக, யாரோ அடமானம் வைத்துவிட்டுப் போனதுபோல் தொங்கியது. இருந்தும், இந்த நகரத்தில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பிடிவாதத்தை நேரில் காண வேண்டும் என்ற ஆவலும் என் பயணத்துக்கு ஒரு காரணம்.

அவர்களில் ஒருவர் செல்வின். நாசரேத்துக்காரர், செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கோமதி கண்ணாடி தேய்த்த அதே காலத்தில் அவரும் ஒன்று தேய்த்தார். இருவரும் தொலைபேசியில் பொடிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். மறுநாள் காலை, பெட்டியை மீனாவின் வீட்டிலேயே வைத்துவிட்டு, அவரைப் பார்க்கத் திலக் நகருக்குக் கிளம்பினேன். கூட்டத்தில் கண்ணாடிக்கு ஆபத்து வரக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை அது.

கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, வடாலாவில் மாறி, சரியான வண்டியில்தான் நின்றேன். தவறான பக்கத்தில் நின்றேன். மும்பை ரயிலில் நடைமேடை சில நிலையங்களில் இடப்புறம் வரும், சிலவற்றில் வலப்புறம். எது எந்தப் பக்கம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. திலக் நகர் எனக்கு எதிர்ப்பக்கத்தில் வந்து, நின்று, போயிற்று. "இறங்கணும், இறங்கணும்" என்று நான் தமிழில் சொன்னது அந்த மனிதக் கடலில் ஒரு குமிழியையும் எழுப்பவில்லை. பக்கத்தில் நின்றவர் இந்தியில் சொன்னார்: "பெரியவரே, இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கத் தொடங்கணும்." அவருடைய நண்பர் சேர்த்துக்கொண்டார்: "இல்லேன்னா அடுத்த ஜென்மத்திலே இறங்கலாம்." அந்த ஜென்மம் கோவண்டியில் வாய்த்தது. அங்கிருந்து ஆட்டோவில் திரும்பி வந்தேன்.

செல்வின் வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன வே, கோவண்டி பாத்துட்டு வாரீராக்கும்? எல்லாரும் மொதல்ல அங்கதான் போவாக." வடாபாவும் தேநீரும் கொடுத்தார். மாடியில் தொலைநோக்கிக்காக அவர் செய்து வைத்திருந்த மரச்சட்டத்தைக் காட்டினார். எந்தக் கண்ணாடியையும் அடியில் பொருத்திச் சோதித்துப் பார்க்கலாம். தாராவியில் மைதீன் பாய் என்பவரின் பட்டறையில்தான் பூச்சு வேலை. பிளாஸ்டிக் கோப்பைகள், வண்டி விளக்கின் உட்புறங்கள், வளையல்கள் எல்லாவற்றுக்கும் அங்கே காற்று நீக்கிய தொட்டியில் அலுமினியம் ஏற்றுவார்கள். "கண்ணாடியும் போடுவாரு. ஒண்ணே ஒண்ணு, பாதுகாப்புக்குன்னு மேல லாக்கர் வார்னிஷ் அடிக்க விட்றாதேயும், நட்சத்திரம் கலங்கிரும். அவரு கை சும்மா இருக்காது."

பிற்பகலில் மாட்டுங்கா திரும்பினேன். கூடத்தில் செய்தித்தாள் விரித்து, குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் பளபளவென்று உலர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே கோமதியின் கண்ணாடி இருந்தது.

"இங்கே வந்து பாருங்கோளேன், அத்திம்பேர்! நாளைக்கு வெள்ளிக்கிழமையோல்லியோ, விளக்கெல்லாம் தேச்சேன். கையோட இதையும் எடுத்தேன். எப்படிக் கறுத்துப் போயிருந்தது தெரியுமா? அக்கா சாமான் இப்படி மங்கலாக் கிடக்கலாமா?"

"எதைப் போட்டுத் தேச்சே?"

"பித்தளைக்குப் புளி. வெள்ளிக்கு விபூதி. வேற எதைப் போடுவா?"

வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். முன்னால் உள்ள கண்ணாடி அதைக் காக்கும். தொலைநோக்கிக் கண்ணாடியில் பூச்சு முன்பக்கம், திறந்தவெளியில். விரல்கூடப் படக்கூடாது. கோமதி அதைத் தூசு தட்டக்கூட மாட்டாள். காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிட்டுச் சாய்த்து எடுப்பாள். ஆனால் மீனாவின் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வெள்ளி பூசியது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கு விபூதி என்று இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கொடுக்கப்பட்ட கூற்றுகளிலிருந்து சரியாகவே முடிவுக்கு வந்திருக்கிறாள்.

"நன்னா இருக்கு, மீனா" என்றேன். அழுக்கில்லாத கையைக் கழுவப் போனேன்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது பூச்சு கொசுவலைபோல் தெரிந்தது. பூச்சைப் பற்றிக் கவலையில்லை. அது எப்படியும் கழற்றப்படப் போவது. சாம்பலில் ஒரு மணல் துகள் இருந்து, அது பூச்சைத் தாண்டிக் கண்ணாடிக்குள் இறங்கியிருந்தால்? கண்ணாடியில் விழுந்த பள்ளத்தைப் போக்க மீண்டும் தேய்க்க வேண்டும். மீண்டும் தேய்த்தால் அது கோமதி உருவாக்கிய வளைவாக இருக்காது.

மாடிப்படியில் நின்று செல்வினை அழைத்தேன்.

"விபூதியா?" என்றார். "உப்புத்தாளு போட்டுத் தேய்க்கலயே, அதுக்குச் சந்தோசப்படும். காஸ்டிக் சோடாவுல கழுவிப் பூச்சை எடுத்தாத்தான் உள்ள கண்ணாடி தப்பிச்சுதான்னு தெரியும். அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிறாதேயும்."

"சொல்லவில்லை."

"நீரு சொல்ல மாட்டீருன்னு தெரியும். மூஞ்சியாலயும் சொல்லிறாதேயும்."

மறுநாள் நான் மட்டும் தாராவிக்குப் போவதாக எண்ணம். மீனா பட்டுப்புடவையில் நின்றாள். "நானும் வரேன். நாப்பது வருஷமா மாட்டுங்காலே இருக்கேன். இதோ இருக்கிற தாராவிக்குள்ளே ஒருநாளும் காலெடுத்து வெச்சதில்லே." மறுக்கக் காரணம் இருந்தது, சொல்லத்தக்க காரணம் இல்லை.

டாக்ஸி தொண்ணூறடி சாலையில் இறக்கிவிட்டது. இரு பக்கமும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். ஒரு கடையில் முறுக்கு பிழிகிறார்கள். அடுத்ததில் தோல் வெட்டுகிறார்கள். மூன்றாவதில் கைபேசிக்கு உயிர் கொடுக்கிறார்கள். "லே, வண்டியை ஓரமா போடுல, ஆளுக வாராகல்லா!" என்று ஒருவர் கத்தியதைக் கேட்டு மீனா திகைத்து நின்றாள். "நம்மூர் பாஷை, அத்திம்பேர்! இத்தனை கிட்டக்கவா?" பாளையங்கோட்டையை விட்டு வந்தபின் அந்தப் பேச்சை இந்த ஊரில் அவள் கேட்டதில்லை. பிறகு சந்து குறுகக் குறுகப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு கதவுக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. என் இரு கைகளிலும் பெட்டி இருந்தது.

மைதீன் பாய் கடையநல்லூர்க்காரர். அறுபதை நெருங்கும் வயது. கண்ணுக்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. பட்டறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி, நீராவிக் கொதிகலன்போல. சுற்றிலும் கபடிப் போட்டிக்கான பிளாஸ்டிக் கோப்பைகள், இன்னும் வெள்ளியாகாமல், சாம்பல் நிறத்தில் வரிசை கட்டியிருந்தன.

"செல்வின் அண்ணாச்சி போன் போட்டாவ. உக்காருங்க ஸார், உக்காருங்கம்மா. ஏ, மூணு கட்டிங் டீ சொல்லு! கலர் என்ன வேணும் ஸார்? தங்கக் கலரா, வெள்ளிக் கலரா?"

"எந்தக் கலரும் வேண்டாம். வெறும் அலுமினியம். கீழேயும் லாக்கர் கூடாது, மேலேயும் கூடாது."

"மேல லாக்கர் போடாம மால் குடுத்தா என் பேரு கெட்டுப்போயிரும் ஸார். நாளைக்கே மங்கிரும்."

"மங்கட்டும். இன்னும் சில வருஷத்தில் மறுபடி வருகிறேன்."

"உங்க இஷ்டம். ஆனா யாரும் கேட்டா மைதீன் போட்டதுன்னு சொல்லிறாதீய." அவர் கண்ணாடியை வாங்கி விளக்கடியில் சாய்த்தார். "யாரு ஸார் இதைத் தேய்ச்சது? பூரா கீச்சுக் கீச்சா இருக்கு!"

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான்தான்" என்றாள் மீனா. "விபூதி போட்டுத் தேச்சேன்."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நல்லதுதானம்மா. பழசை எப்படியும் எடுக்கணும். எங்களுக்குப் பாதி சோலி மிச்சம்."

மீனா ஏமாறுபவள் அல்லள். தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தாள். "அத்திம்பேர், நான் அக்கா கண்ணாடியைப் பாழாக்கிட்டேனா?"

"கழுவினால் தெரியும்" என்றேன்.

காஸ்டிக் சோடா கரைத்த பிளாஸ்டிக் தட்டில் கண்ணாடி இறங்கியது. மேற்பரப்பில் நுண்ணிய குமிழிகள் பொரிந்தன. பூச்சு கறுத்தது, கிழிந்தது, கரைந்தது. பாய் கையுறையோடு எடுத்து, நல்ல நீரில் அலசி, என்னிடம் நீட்டினார். இத்தனை காலம் பளபளப்புக்கு அடியில் இருந்த வெறும் கண்ணாடி. நீர்போல் தெளிந்து, நடுவில் மெல்லக் குழிந்து. குழல்விளக்கின் பிம்பம் அதில் ஒரு நெளிவும் இல்லாமல் வளைந்து ஓடிற்று. முழுப்பரப்பையும் விரலளவு விரலளவாகச் சாய்த்துப் பார்த்தேன். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே ஓரிடத்தில், மணலில் துடைப்பம் இழுத்ததுபோல் சில மெல்லிய வளைகீறல்கள். வேறெங்கும் இல்லை.

மீனாவும் பார்த்துவிட்டாள். "இது நான் போட்டதா?"

"ஆமாம்."

"போகாதா?"

"போகாது. ஆனால் வளைவு கெடலை, மீனா. அது அப்படியே இருக்கு."

அவள் தலையசைத்தாள். நான் சொன்னதில் முதற்பாதியை மட்டுமே கேட்டாள் என்று தோன்றியது.

தூய நீர், பஞ்சு, மறுபடி தூய நீர். கண்ணாடி கபடிக் கோப்பைகளுக்கு நடுவே கவிழ்த்து மாட்டப்பட்டது. கதவு மூடியது, பம்ப் இரைந்தது. தொட்டியில் காற்று நன்கு வெளியேறக் காத்திருந்த நேரத்தில் நெய் பிஸ்கட் வந்தது; மீனா தொடவில்லை. "இப்பப் பாருங்க ஸார்" என்று பாய் வட்டச் சன்னலைக் காட்டினார். உள்ளே கம்பிச்சுருள்கள் சிவந்து, வெளுத்து எரிந்தன. அவற்றில் தொங்கிய அலுமினியத் துண்டுகள் உருகித் துளியாகி, அந்தத் துளியும் இல்லாமல் போயிற்று. கண் இமைத்த நேரம். சாம்பல் கோப்பைகள் எல்லாம் வெள்ளிக் கோப்பைகளாகச் சுழன்றன. உலோகம் ஆவியாகி இருட்டில் நேர்கோட்டில் பாய்ந்து முதலில் எதிர்ப்பட்டதில் படிகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். எழுபது வயதுக்குமேல் அதைப் பார்க்கக் கிடைத்தது.

கதவு திறந்தது. பாய் ஒரு கையால் கண்ணாடியை எடுத்தார். மறுகை, அதன் சொந்த வழக்கப்படி, லாக்கர் தெளிக்கும் துப்பாக்கியை எடுத்தது. நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன்.

"அட!" என்று அவர் சிரித்துவிட்டார். "முப்பது வருசப் பழக்கம் ஸார். கை கேக்க மாட்டேங்கு."

திரும்பும் வழியில் டாக்ஸியில் மீனா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும் குத்துவிளக்கை மட்டும் ஏற்றினாள். இரவுச் சாப்பாட்டுக்கு வெறும் தயிர்சாதம். சமைத்துத் துக்கத்தைக் கடப்பவள் சமைக்கவில்லை என்பது எனக்கு எச்சரிக்கையாக இருந்தது.

"நாளைக்குச் செல்வின் வீட்டு மாடியில் பொருத்திப் பார்க்கப் போறோம். நீயும் வா."

"நான் எதுக்கு? போறும் நான் பண்ணினது."

"கோமதி கூப்பிட்டபோது மழை. நாளைக்கு மழை இல்லை."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் மாலை டாக்ஸி வந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

செல்வினின் மாடியிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சுடர் தெரிந்தது. தொடுவானம் அணையாத ஊர். சூரியன் புகையில் சிவந்து இறங்கியது. பாதி நிலா ஏற்கெனவே உச்சியருகே நின்றது. இந்த நகரத்தின் வானம் எதை மறைத்தாலும் நிலாவை மறைப்பதில்லை. மரச்சட்டத்தின் அடியில் கண்ணாடியைப் பொருத்தி, செல்வின் திருகுகளைச் சரிசெய்தார். முதலில் நான் பார்த்தேன். நிலவின் நிழலோரத்தில் பள்ளங்களின் விளிம்புகள் ஊசியால் கீறியதுபோல் கூர்மையாக நின்றன. கோமதி இதை 'கடித்த மாதிரி' என்பாள். நான் விலகிக்கொண்டேன்.

"வா, மீனா."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டாள்.

"தெரியறதா?"

"நிலா தெரியறது. அது எங்கே இருக்கு?"

"எது?"

"என் கீறல்."

"தெரியாது."

"பொய் சொல்லாதேங்கோ, அத்திம்பேர். எனக்காகச் சொல்றேள்."

"இல்லை. கண்ணாடியின் ஒவ்வொரு இடமும் நிலா முழுசையும் காட்டறது. கீறல் இருக்கிற இடத்தில் விழுந்த வெளிச்சம் மட்டும் வீணாப் போகும். அதனால் நிலாவில் எந்த இடமும் மறையாது. எல்லா இடத்திலும் துளிக் குறையும். அவ்வளவுதான்."

"எல்லா இடத்திலேயுமா?"

"எல்லா இடத்திலும். கண்ணுக்குத் தெரியாத அளவு."

அவள் நம்பவில்லை. மறுபடி குனிந்து, நிலாவை மேலிருந்து கீழாகத் தன் கீறலுக்காகத் துழாவத் தொடங்கினாள். செல்வின் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். கீழே தெருவில் ஒரு பேருந்து நின்று கிளம்பியது. ஆலைச் சுடர் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

"அத்திம்பேர்."

"சொல்லு."

"இந்த இருட்டுப் பக்கத்திலே, ஓரத்தைவிட்டுத் தள்ளி, தனியா ஒரு பொட்டு பளிச்சுன்னு நிக்கறதே... அதுவும் கீறல் இல்லையா?"

நான் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தேன். "அது மலை உச்சி. சுத்தியிருக்கிற தரையெல்லாம் இன்னும் ராத்திரி. உச்சியில மட்டும் வெயில் பட்டிருக்கு. அங்கே இப்போதான் விடியறது."

"விடியறதா? இப்போவா? நாம பாத்துண்டிருக்கறச்சேயா?"

"இப்போதான்."

"பக்கத்திலேயே இன்னொண்ணு லேசா வரதே! அது என்ன பேர், அத்திம்பேர்? அதுக்கெல்லாம் பேர் உண்டா?"

"உண்டம்மா, எல்லாத்துக்கும் உண்டு" என்றார் செல்வின். "மெதுவாப் பாருங்க."

பூமி சுழல்வதால் நிலா பார்வையில் தங்காது. ஓரத்துக்கு நழுவிக்கொண்டே இருக்கும். மீனாவுக்கு அது தெரியாது. "போறது, அத்திம்பேர், போறது!" என்று கண்ணை எடுக்காமலே கையை ஆட்டினாள். நான் சட்டத்தை மெல்ல நகர்த்தி நிலாவை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். அது மறுபடி நழுவியது. மறுபடி நகர்த்தினேன்.